இராட்டையைச் சுற்றி எட்டுப் பேர்

விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஏழு மணிக்கு எட்டுப் பேர் கூடுகிறோம். பாய் விரித்து அமர்ந்து, ஆளுக்கொரு மரப்பெட்டியைத் திறக்கிறோம். வெயில் ஏறித் தளம் சுடத் தொடங்கும் ஒன்பது மணி வரை நூல் நூற்கிறோம். இதற்கென ஒரு சங்கமோ, சந்தாவோ, தலைவரோ இல்லை. கடலோர ஈரம் பருத்தி இழைக்கு நல்லது, காற்றுதான் ஆகாது. ஆகவே காற்று பலமாக வீசும் நாள்களில் மட்டும் கீழே வாகன நிறுத்துமிடத்துக்கு இறங்கிவிடுவோம். அங்கே வண்டி எடுக்க வருவோர் ஒரு கணம் நின்று பார்ப்பர். சிலர் “காந்தி ஜெயந்திக்கா?” என்று கேட்பர். இல்லை என்றால் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும்.

எண்மரில் ஒருவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கணக்கர். ஒருவர் செவிலியராக இருந்தவர். எங்களுக்கெல்லாம் ஆசிரியை அவரே. மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணி முடித்து நேரே மாடிக்கு வரும் இளைஞர் ஒருவர்; நூற்றுவிட்டுப் போனால்தான் உறக்கம் வருகிறது என்பார். கல்லூரி மாணவியர் இருவர். தையற்கடை நடத்தும் பெண்மணி ஒருவர். கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவி. அவர் இமாசலப் பிரதேசத்தின் சம்பா மாவட்டத்தைச் சேர்ந்தவர். எட்டாவது நான்.

நான் இக்கூட்டத்துக்கு வந்தது நூல் மீது கொண்ட ஆர்வத்தால் அன்று. கணவரின் பணி மாற்றத்தால் இந்நகருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் எனக்குத் தெலுங்கு கடைத்தெருவுக்கு வேண்டிய அளவே வாய்த்திருந்தது. அவர் மறைந்த ஆண்டு, எம்மொழியிலும் பேச எனக்கு விருப்பம் இல்லாத ஆண்டு. பக்கத்து வீட்டுச் செவிலியர் ஒருநாள் மாலை வந்து ஒரு தக்ளியையும் இரண்டு பஞ்சுப் பட்டைகளையும் மேசை மீது வைத்துவிட்டு, “பேச வேண்டாம், மாடிக்கு வந்து உட்கார்ந்தால் போதும்” என்றார். அவ்வளவுதான் அழைப்பு.

தக்ளி எனக்கு முற்றிலும் புதியதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்துக் கற்பிக்கும் ஆதாரக் கல்வியை முன்வைத்தது. அதன் பின் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் சிலேட்டுப் பலகையோடு தக்ளியும் கொண்டு சென்ற காலம் ஒன்று இருந்தது. என் தாயார் அக்காலத்துப் பிள்ளை. அவர் பழம்பெட்டியில் பித்தளை வட்டும் இரும்புக் கம்பியுமாய் ஒரு தக்ளி கிடந்தது. நாங்கள் அதைப் பம்பரமாகச் சுழற்றி விளையாடியிருக்கிறோம். அதனால் நூல் வரும் என்பதை நாங்கள் நம்பியதில்லை.

முதல் மாதம் எனக்கும் வரவில்லை. வந்தது நூலன்று, ஓரிடத்தில் தடித்த திரி, மறு இடத்தில் சிலந்தி இழை, அடுத்த விரற்கடையில் அறுப்பு. பெட்டி இராட்டையில் வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பஞ்சுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னே போக வேண்டும். இரண்டு கைகளும் இரண்டு வேறு வேகங்களில் இயங்க வேண்டும். ஆனால் ஒன்றை ஒன்று அறிந்திருக்க வேண்டும். நான் சக்கரத்தைப் பார்த்தால் பட்டை இறுகியது. பட்டையைப் பார்த்தால் சக்கரம் நின்றது. “பிடிக்காதீர்கள் அம்மா, தாங்குங்கள்” என்று செவிலியர் சொல்லிக்கொண்டே இருந்தார். குருவிக் குஞ்சைக் கையில் ஏந்துவது போல, நழுவாமலும் நசுங்காமலும் என்று காட்டினார். எத்தனையோ குழந்தைகளைப் பிறந்த கணத்தில் ஏந்திய கை அது.

இதில் ஓர் இயற்கை நுட்பம் உண்டு. பருத்தி இழை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஒட்டிய நீளமே உடையது. அத்தனை குட்டையான இழைகள் கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் நூலாவது முறுக்கு ஒன்றினால்தான். பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. முறுக்கேறும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்கி உராய்ந்து, நழுவ இடமின்றிப் பிணைகின்றன. இனி, முறுக்குக்கு ஒரு குணம்: மெலிந்த இடத்தை நோக்கியே முதலில் ஓடும். மெலிந்த இடம் இறுகிவிடும். தடித்த இடம் முறுக்கின்றித் தளர்ந்து நிற்கும். இப்போது இடக்கையைச் சற்றே பின்னிழுத்தால், இறுகிய இடம் அசையாது. தளர்ந்த தடிப்பு மட்டும் நீண்டு மெலியும். மெலிந்ததும் முறுக்கு அங்கும் ஓடிவந்து பற்றிக்கொள்ளும். ஆக, நூற்பவர் அவசரப்படாவிட்டால் நூல் தன்னைத் தானே சமன் செய்துகொள்கிறது. அவசரப்படுபவருக்கு இது வேலை செய்யாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. புரிந்த அன்று, ஒரு முழம் நீளத்துக்கு ஒரே சீராக ஓர் இழை வந்தது. நான் கத்திவிட்டேன் போலும். எழுவரும் திரும்பிப் பார்த்தனர். அவ்வாண்டில் நான் உரக்க எழுப்பிய முதல் ஒலி அது.

அறுந்தால் என்ன செய்வது என்பதும் இங்கே பெரிய சங்கதியன்று. அறுந்த நுனியின் முறுக்கைச் சற்று அவிழ்த்து, பஞ்சின் மேல் கிடத்தி, சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றினால் இழை பற்றிக்கொள்ளும். முடிச்சுப் போடுவது தவறு. நெய்யும்போது விழுதில் மாட்டும். கணக்கர் மட்டும் இன்றளவும் முடிச்சுப் போடுகிறார். கணக்கு வழக்கில் பிசிறு கூடாது என்பது அவர் வாதம்.

நம் மொழியில் இழைக்கும் ஏட்டுக்கும் ஒரே சொல். நூல் என்பது இரண்டுக்கும் பொது. இது தற்செயல் அன்று. சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து நன்னூல் ஓர் உருவகமே அமைத்திருக்கிறது. இலக்கணம் எழுத வந்தவர், வீட்டு முற்றத்தில் நூற்றுக்கொண்டிருந்த பெண்ணைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். சங்கப் பாடல்களிலும் நூற்பவர் பெண்களே. துணையற்ற பெண்கள் இரவில் நூற்றுப் பிழைத்த செய்தி அங்கே வருகிறது. பள்ளியில் அதைப் படித்தபோது வறுமையின் படமாகவே எனக்குப் பட்டது. இப்போது படித்தால், அந்த இரவில் கதிரின் ஒலியும் உடன் கேட்கிறது.

இராட்டை என்றால் காந்தியடிகள் என்பது நம் நினைவில் ஒட்டிவிட்டது. ஆனால் அவரே தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று: கைத்தறியும் இராட்டையும் நாட்டுக்கு வழி என்று எழுதிய காலத்தில் அவர் இராட்டையைக் கண்ணால் கண்டதில்லை. 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பின்னும் ஆசிரமத்துக்கு ஓர் இராட்டை கிடைக்கவில்லை; நூற்கக் கற்பிப்பாரும் கிடைக்கவில்லை. குஜராத் முழுதும் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், வீடுகளின் பரண்களில் தூசி படிந்து கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தவர் கங்காபென் மஜும்தார் என்னும் பெண்மணி. பஞ்சுப் பட்டை தந்தால் மீண்டும் நூற்போம் என்று அவ்வூர்ப் பெண்கள் சொன்னார்கள். பின்னர் வந்த பேரியக்கம் அந்தப் பரண்களிலிருந்து இறங்கியதே.

1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. 1929-இல், கிராமத்துக் குடிசையில் வைத்து இயக்கத்தக்க மேம்பட்ட இராட்டையை வடிவமைப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றைய ஒரு லட்சம்! பலர் முயன்றனர், பரிசு எவருக்கும் போகவில்லை. எரவாடா சிறை வாசத்தில், எடுத்துச் செல்ல எளிதான மடக்குப் பெட்டி இராட்டை உருப்பெற்றது. எங்கள் மாடியில் நாங்கள் திறப்பது அதன் வழிவந்த பெட்டிதான்: பெரிய சக்கரம் சிறியதைச் சுற்ற, சிறியது கதிரைச் சுற்ற, கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கதிர் பல பத்துச் சுற்றுச் சுழலும். மூடினால் கனத்த புத்தகம் போல இருக்கும். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் பல கதிர் கொண்ட அம்பர் சர்க்கா வந்தது. ‘அம்பர்’ என்பதை ஏதோ வடசொல் அடைமொழி என்று எண்ணுவோர் உண்டு. அதை வடிவமைத்த ஏகாம்பரநாதன் என்ற தமிழரின் பெயரிலிருந்து வந்தது அது. ஆலை இயந்திரத்தில் உள்ளது போல உருளைகள் பஞ்சை இழுத்து மெலியச் செய்ய, கையின் வேலை சுழற்றுவது மட்டும் என்றாயிற்று. இன்று கதர் நூலில் பெரும்பகுதி இவ்வகைப் பல்கதிர் இராட்டைகளிலிருந்தே வருகிறது. பிழைப்புக்கு அது பெரும் உதவி. எனினும் எங்கள் தையற்காரப் பெண்மணி ஒருமுறை அதில் நூற்றுப் பார்த்துவிட்டு, “தையல் இயந்திரம் போலவே இருக்கிறது, அதுதான் வாரத்துக்கு ஆறு நாள் செய்கிறேனே” என்று பெட்டி இராட்டைக்கே திரும்பிவிட்டார்.

சம்பா மாவட்டத்துப் பெண்மணிக்கு இராட்டையே வேண்டியதில்லை. அவர் கொண்டுவருவது ஒரு மரத் தக்ளி. நூற்பது பருத்தியன்று, ஆட்டு மயிர்க் கம்பளி. அவருடைய ஊரைச் சூழ்ந்த மலைகளில் கத்தி என்னும் இடையர் சமூகத்தார் கோடையில் மந்தையை மேலேற்றியும் பனிக்காலத்தில் கீழிறக்கியும் வாழ்கின்றனர். அங்கே ஆடவர்தாம் நடந்துகொண்டே நூற்பவர். மந்தைக்குப் பின்னே ஏறும்போதே தக்ளி கையில் சுழலும். இடுப்பில் பல சுற்றாகச் சுற்றிக்கொள்ளும் ‘டோரா’ என்ற நீண்ட கம்பளிக் கயிறு அவர்களது அடையாளம். லடாக்கின் மேட்டுநிலங்களிலோ வேலை பகிரப்பட்டிருக்கிறது: பெண்கள் செம்மறிக் கம்பளியையும் மென்மையான ஆட்டு ரோமத்தையும் நூற்க, ஆடவர் முரட்டு ஆட்டு மயிரையும் யாக் மயிரையும் நூற்பர். காஷ்மீரத்துப் பெண்கள் ‘யிந்தர்’ என்ற இராட்டையில் நூற்கும் பஷ்மினா நூல் அத்தனை மெல்லியது. 2008-இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, நூல் கையால் நூற்றதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது.

இப்பெண்மணி வந்த புதிதில் நாங்கள் அவருக்கு இராட்டை கற்பிக்க முனைந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பின் எழுந்து நின்று, தக்ளியைத் தொடையில் உருட்டி விட்டு, மாடியின் ஓரமாக நடக்கத் தொடங்கினார். கடலைப் பார்த்தபடி இருபது அடி நடந்து திரும்புவதற்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நூல். அதன் பின் யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

இவ்வளவு மகிழ்ச்சியும் ஒரு நாள் சற்று ஆட்டம் கண்டது. அது பொந்தூரில் நடந்தது.

பொந்தூர், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் ஹவுரா–சென்னை இருப்புப் பாதையில் உள்ள சிற்றூர். விசாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் வண்டியில் ஒரு காலைப் பொழுதில் சேரலாம். கதர் அறிந்தவர்களுக்கு அப்பெயர் போதும். நூறாம் நம்பர் நூலை ஒற்றைக் கதிர் இராட்டையில் கையால் நூற்கும் ஊர் அது. காந்தியடிகள் இவ்வூர்த் துணியின் நேர்த்தியைக் கேள்விப்பட்டு, நேரில் கண்டுவரத் தம் மகன் தேவதாஸை அனுப்பினார் என்பதை அவ்வூரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். பின்னாளில் இராஜாஜியின் மருமகனானவர் அவரே.

நம்பர் என்பது என்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே அந்நூலின் நம்பர். நூறாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுப் பஞ்சிலிருந்து 84,000 கஜம். ஏறத்தாழ 77 கிலோமீட்டர். அதாவது, அரைக் கிலோவுக்கும் குறைந்த பஞ்சு, பொந்தூரிலிருந்து விசாகப்பட்டினம் போகும் வழியில் பெரும்பகுதிக்கு நூலாக நீளும்.

செவிலியரும் நானும் மாணவியருள் ஒருத்தியும் சென்றிருந்தோம். எங்களை வரவேற்ற மூதாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செவிலியர் அவரை ‘மாம்மா’ என்று அழைத்தார். தெலுங்கில் பாட்டியை அழைக்கும் முறை. நானும் அவ்வாறே அழைத்தேன். ஓட்டு வீட்டுத் திண்ணையில், இருபத்து நான்கு ஆரம் கொண்ட பெரிய மரச் சக்கரத்துக்கு முன் அவர் அமர்ந்திருந்தார். நூற்பதைக் காட்டுவதற்கு முன் பஞ்சைக் காட்டினார். அங்கே வேலையின் பெரும்பகுதி நூற்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கொட்டையோடு கூடிய பருத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு மீனின் தாடை எலும்பால் சீவினார். ஆம், மீனின் தாடை. அம்மீனுக்குத் தெலுங்கில் வாலுக என்று பெயர். நம் வாளை மீன் அதுவே. பழம்பாடல்களில் வயல் நீரில் துள்ளும் அதே வாளை. அதன் தாடையில் ஊசி நுனிபோல் நெருங்கி நிற்கும் நுண்பற்கள், கொட்டையை விட்டு அகலாமலேயே இழைகளை நேராக்கி, தூசியையும் சருகையும் உதிர்த்துவிடுகின்றன. உலோகச் சீப்புகள் செய்து பார்த்தார்களாம், இழையை அறுத்துவிடுகின்றனவாம். சீவிய பருத்தியைப் பலகை மேல் வைத்து, இரும்புக் கோலை உருட்டிக் கொட்டையை வெளியே தள்ளினார். பின் வில்லின் நாணால் பஞ்சை அடித்து நுரை போலாக்கினார். அந்த நுரையை மெல்லிய குச்சியில் சுருட்டினால் பட்டை. பட்டைகளை உலர்ந்த வாழை மட்டைக்குள் வைத்து மூடினார். மட்டைக்குள் பஞ்சு கசங்காது, தூசும் படாது. ஒரு பிடி பட்டைக்கு ஒரு காலைப் பொழுது போய்விட்டது.

பிறகு நூற்றார். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்கள். அவர் நூலைப் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, இடக்கை தோளுக்கு மேலே உயர்ந்து போயிற்று. கையும் கதிரும் இருக்கும் இடம் தெரிந்தது. இடையே நூல் இருப்பது வெயில் பட்டபோது மட்டும் தெரிந்தது.

நான் என் மாடிக் கூட்டத்தைப் பற்றி ஆர்வத்தோடு சொன்னேன். நூற்கும்போது மனம் அடங்குவது, துயரம் லேசாவது, எட்டுப் பேர் வேலையற்றுக் கூடுவது எல்லாவற்றையும் சொன்னேன். செவிலியர் மொழிபெயர்த்தார். மாம்மா சிரித்தார். “லேசாகும் அம்மா, எங்களுக்கும் ஆகும். கதிர் பாடும்போது எனக்கும் வேறெதுவும் நினைவுக்கு வராது. மாலையில் சிட்டத்தைக் கொடுத்துக் கணக்கு எழுதும்போது எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். உங்கள் மாடியில் கணக்கு எழுதுவது உண்டா?” என்றார்.

கணக்கர் ஒருவர் இருந்தும் எங்கள் மாடியில் கணக்கு எழுதியதில்லை. ஊர் திரும்பியதும் அவரை எழுதச் சொன்னேன். எழுதினோம். 45 அங்குல அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு புடவை. அங்குலத்துக்கு 60 பாவிழை, 60 ஊடிழை என்று வைத்தால், பாவுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர், ஊடைக்கு 15 கிலோமீட்டர். மொத்தம் 30 கிலோமீட்டர் நூல். கதர்க் கணக்கில் ஒரு சிட்டம் 1,000 மீட்டர். ஆகவே 30 சிட்டம். ஒற்றைக் கதிரில் தேர்ந்த கை மணிக்கு 300 மீட்டர் நூற்கும் என்று கொண்டால் நூறு மணி நேரம். என் கைக்கு முந்நூறு மணி நேரத்துக்குக் குறையாது. இது நூற்பு மட்டும். சீவுவது, கொட்டை நீக்குவது, வில்லடிப்பது, பாவோடுவது, நெய்வது இதில் சேரவில்லை.

கூலி? சிட்டத்துக்கு 7 ரூபாய் 50 காசாக இருந்ததைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2023 ஏப்ரலில் 10 ரூபாயாகவும், 2024 அக்டோபரில் 12 ரூபாய் 50 காசாகவும், 2025 ஏப்ரலில் 15 ரூபாயாகவும் உயர்த்தியது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு. பல்கதிர் இராட்டையில் நாளுக்குப் பல சிட்டம் எடுப்பவருக்கு இது உண்மையான உயர்வு. ஆனால் அதே விகிதத்தை ஒற்றைக் கதிருக்குப் பொருத்தினால், எட்டு மணி நேரத்துக்கு 36 ரூபாய். நுண்ணிழைக்குக் கூலி தனி, அது கூடுதல். ஆயினும் வயல் வேலைக்குப் போனால் இதைவிட நிறைவாகக் கிடைக்கும் என்று மாம்மா சொன்னதில் எங்களுக்கு வியப்பில்லை. அவர் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சக்கரம் சுழன்றது. இப்போது சுழலும் திண்ணைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அவர் வயதினர்.

கணக்கர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று எவரும் அதிகம் நூற்கவில்லை. நாம் இன்பத்துக்காகச் செய்வதை இன்னொருவர் பசிக்காகச் செய்யும்போது, அந்த இன்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு மாடியில் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. நன்கொடை திரட்டலாம் என்றார் ஒருவர். மாம்மா அதை வாங்கமாட்டார் என்றார் செவிலியர். அந்தத் துணியையே வாங்கி உடுத்துவோம் என்றார் தையற்காரப் பெண்மணி. அது நல்ல யோசனைதான், ஆனால் ஒருவர் ஆண்டுக்கு எத்தனை புடவை வாங்க முடியும்? இளைஞர்தான் எளிதாக ஒன்று சொன்னார்: “நாம் கடையில் வாங்கும் பட்டை இயந்திரத்தில் போட்டது. அவரிடம் பட்டை வாங்கலாமே. விலையை அவரே சொல்லட்டும்.”

செவிலியர் தொலைபேசியில் கேட்டார். மாம்மா இரண்டு நாள் கழித்து விலை சொன்னார். கடைப் பட்டையைப் போலப் பல மடங்கு. ஆனால் எங்கள் கணக்கருடைய தாளில் உள்ள மணி நேரங்களோடு ஒப்பிட்டால் நியாயமானது. பேரம் பேசவில்லை. மாதம் ஒரு முறை பொட்டலம் வருகிறது. பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. முதல் முறை பணம் சேர்ந்ததா என்று கேட்டபோது, பேத்தியை அனுப்பிக் கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டே வந்தது என்று சொன்னார். கைபேசிச் செய்தியை அவர் நம்புவதில்லை. எட்டுப் பேர் பட்டை வாங்குவதால் ஒரு தெருவின் இராட்டைகள் மீண்டும் சுழன்றுவிடா. அது எங்களுக்குத் தெரியும்.

கையால் போட்ட பட்டையில் நூற்பது வேறு அனுபவம். இயந்திரப் பட்டையில் இழைகள் இறுக்கமாக, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை போல இருக்கும், இழுத்தால் எதிர்க்கும். மாம்மாவின் பட்டையோ, இடக்கை பின்னே போவதற்காகக் காத்திருந்தது போலத் தானே வரும். என் நூல் முன்னைவிட மெலிந்தது. கணக்கர் அஞ்சலகத் தராசு ஒன்றை வாங்கி வந்து எடைபோட்டு, என் நூல் நாற்பதாம் நம்பரைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார். முடிச்சுகளின் எடை காரணமாகத் தம் நூல் முப்பதிலேயே நிற்பதையும் அவரே அறிவித்தார்.

பொந்தூர்த் திண்ணையில், நாங்கள் விடைபெறும்போது, மாம்மாவின் பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இவளுக்கு நூற்கத் தெரியுமா என்று மாணவி கேட்டாள். “கற்றுத் தரவில்லை. படித்து வேறு வேலைக்குப் போகட்டும்” என்றார் மாம்மா. சற்று நேரம் கழித்து, கேளாமலே, “மீன் தாடையைப் பிடிக்க மட்டும் தெரியும்” என்று சேர்த்தார்.

சென்ற மாதம் வந்த பொட்டலத்தில் வழக்கமான பட்டைகளுக்கிடையே இரண்டு மட்டும் வேறுவிதமாக இருந்தன. ஒரு முனை பருத்து, மறு முனை கூம்பி, சுருட்டல் தளர்ந்து. எங்களில் எவருக்கும் அப்பட்டைகள் கைதவறி வந்தவை என்று தோன்றவில்லை; மாம்மாவின் கை தவறாது. செவிலியர் அங்கேயே தொலைபேசியில் கேட்டார். விடுமுறை விட்டிருக்கிறார்கள், பொழுது போகவில்லை என்றாள், வில்லைக் கொடுத்தேன் என்றார் மாம்மா. அவ்விரண்டுக்கும் பணம் வேண்டாம் என்றும் சொன்னார். கணக்கர் ஒப்பவில்லை, எடைபோட்டுச் சேர்த்தே அனுப்பினார்.

அந்த இரண்டு பட்டைகளை யார் நூற்பது என்பதில்தான் இப்போது மாடியில் சிறு பூசல். சம்பாக்காரப் பெண்மணி, பருத்தியே தொடாதவர், ஒன்று தமக்கு வேண்டும் என்கிறார்.